சந்தனம் வைத்த டேப்புகள்

ஸ்டானிஸ்லாஸ் இறந்த ஒன்பதாம் நாள் காலை அவருடைய மகன் சாவியோ வேலைக்குத் திரும்பினான். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், லாரிகள் மூக்கும் வாலுமாக நிற்கும் ஒரு கன்டெய்னர் யார்டு. அப்பாவும் அங்கேதான் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தார். அவர் வெயிலில் நின்று கன்டெய்னர் நம்பர் குறிக்கிறவர். மகன் பதினெட்டு டிகிரி குளிரில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறவன். ஒரே கம்பெனியில் ஒருத்தருக்கு வேர்க்கும், ஒருத்தனுக்கு நடுங்கும்.

கேட்டிலேயே யூனியன் லோகநாதன் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, துன்னியா?"

"ஆச்சு மாமா." ஆயிற்றா என்று அவனுக்கே தெரியவில்லை.

"இத்த படி. வெள்ளிக்கெழம லேபர் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போவுது."

விபத்து அறிக்கையின் வரைவு அது. நான்காவது பத்தியில் ஒரு வரிக்கு லோகநாதன் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார். 'மேற்படி ஊழியர் 2.04 மணிக்குப் பணி முடித்த பின்னர், அனுமதியின்றி அடுக்குப் பகுதிக்குள் நுழைந்தார்.'

நடந்தது வேறு. செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் ஆறிலிருந்து இரண்டு வரை. இரண்டு மணிக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. டைம் ஆபீஸில் ஸ்டானிஸ்லாஸின் ஷிப்டை மாலை ஆறு வரை நீட்டிக் கம்ப்யூட்டரில் பதிந்தார்கள். ஒன்று ஐம்பதுக்கு அவர் மகனுக்குப் போன் போட்டார். "அவன் வரலடா. ஆறு மணி வரைக்கும் நீட்டிட்டானுங்க. அம்மாகிட்ட சொல்லு, கொழம்ப எட்த்து வெக்கட்டும்." நான்கு இருபதுக்கு, கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் வண்டி ஒன்று பின்னால் வந்தது. ஓட்டுகிறவனுக்கு அவர் தெரியவில்லை.

சைரன் அடித்தபோது சாவியோ சர்வரில் ஒரு செத்த டிஸ்க்கைக் கழற்றிப் புதிதை மாட்டிக்கொண்டிருந்தான். அதை முடித்துவிட்டுத்தான் வெளியே போனான். யாருக்கென்று அவனுக்குத் தெரியாது. நாலு டிஸ்க்கில் ஒன்று செத்தால் மீதி மூன்றும் கூடி, போனதன் சரக்கை இம்மி குறையாமல் புது டிஸ்க்கில் எழுதிக் கொடுத்துவிடும். அந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். அன்று அது நன்றாகவே வேலை செய்தது.

வரைவின் விஷயம் முன்தினமே வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா இருதயம்மாள் அழுது முடித்த முகத்தோடு ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "அனுமதி இல்லாம நொழையறதுக்கு அந்தாளு இன்னா ஆடா மாடா? இருவத்தேழு வருசம் வேல செஞ்சிகினு இருந்தவர மேய வந்தவன் மாரி எழுதி வெச்சிக்கிறானுங்க. அந்த வரி போவணும். வேற எதுவும் என்கிட்ட பேசாதீங்க."

லோகநாதன் பேப்பரைத் திரும்ப வாங்கினார். "பாத்தவன் நாலு பேரு. நாலு பேரும் கான்ட்ராக்ட்டு. வாயத் தொறந்தா மக்யா நாளு கேட்டுக்கு வெளிய நிப்பான். புதங்கெழம காலீல ஒம்போது மணிக்கி நானே டைம் ஆபீசுல எட்டிப் பாத்தேன். அண்ணன் பேருக்கு நேரா ஆறு மணின்னுதான் இருந்துச்சு. பத்து மணிக்கி போனா ரெண்டு நாலுன்னு கீது. நட்டநடு காலீல மாத்திக்கிறான் நைனா! உன் டப்பாங்கள்ள பழசு எதுனா மாட்டிகினு இருக்கும்ல?"

"மூணு எடத்துல காப்பி இருக்கும் மாமா."

"அப்டி சொல்லு!"

"ஒண்ணு மீஞ்சூர் குடோன்ல. இங்க எழுதினா பத்து நிமிசத்துல அங்கயும் எழுதும்."

"அப்ப அத்த எடு."

"இங்க அழிச்சா அங்கயும் அழிச்சிடும்."

லோகநாதன் அவனைப் பார்த்தார். "அப்பால அது இன்னாத்துக்கு?"

"இந்த பில்டிங் எரிஞ்சா அது இருக்கும்."

"பில்டிங் எங்க எரியுது? வவுறுதான் எரியுது. அட்த்தது சொல்லு."

"ஸ்னாப்ஷாட். மணிக்கு ஒரு தபா போட்டோ எடுத்து வெச்ச மாரி. அன்னிக்கி எப்டி இருந்துச்சோ அப்டியே இருக்கும்."

"சூப்பரு. எடு."

"அஞ்சு நாள்தான் வெச்சிருக்கும். புச்சுக்கு எடம் வேணும்ல, பழச தூக்கிப் போட்ரும்."

"இன்னிக்கி எத்தினி நாளு?"

"ஒம்போது."

"நாங்க உன்ன லீவு எடுத்துகினு வூட்ல குந்துன்னு சொன்னது தப்பாப் பூட்ச்சே" என்றார் லோகநாதன். கேலி போலத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் இறங்கிவிட்டது. "மூணாவது?"

"டேப்பு. தெனமும் ராத்திரி பதினோரு மணிக்கு அன்னிக்கி மாறினத மட்டும் எழுதும். ஞாயித்துக்கெழம மொத்தத்தையும் எழுதும். நாலு வாரம் தொடாது."

"அண்ணன் செவ்வாக்கெழம. இவன் மாத்தினது புதங்கெழம காலீல. நடுவுல ஒரு ராத்திரி கீது. எழுதியிருக்குமா?"

"அது தானா எழுதும் மாமா. ஆளே வேணாம்."

லோகநாதன் அவன் தோளை இரண்டு கையாலும் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். அதன் பிறகு அவர் நேராக கேன்டீனுக்குப் போனார். பத்து நிமிஷத்தில் யார்டு முழுக்க, இட்லி அடுக்குகிறவனிலிருந்து லாரி கிளீனர் வரைக்கும், ஸ்டானி அண்ணன் பையன் கையில் டேப் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. மீஞ்சூருக்குக் காப்பி போவதைவிட இது வேகம்.

சர்வர் அறைக்குப் போகும் வழியில் டைம் ஆபீஸ். கார்குழலி கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஷிப்ட் பதிவு முழுவதும் அவள் கையில். சாவியோவைப் பார்த்ததும் எழுந்தாள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"அக்கா, செவ்வாக்கெழம நீட்டினது நீங்கதான போட்டீங்க?"

"சிஸ்டத்துல இன்னா கீதோ அதான்பா."

"யாரு மாத்தச் சொன்னாங்க?"

கார்குழலி கீபோர்டில் இருந்த தூசியை விரலால் துடைத்தாள். "எனக்கு ரெண்டு பொண்ணு, சாவியோ."

அவன் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். கோபம் வரும் என்று காத்துப் பார்த்தான், வரவில்லை. கடையில் ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்து, இல்லையென்றால் போய்விடுவோமே, அப்படித்தான் இருந்தது.

சர்வர் அறையில் டேப் மெஷினின் லாக் திரையைத் திறந்தான். பச்சை டிக் வரிசையாக இருக்கவேண்டிய இடத்தில் போன வாரத் திங்கள் சிவப்பு. செவ்வாய் சிவப்பு. புதனிலிருந்து நேற்று வரை எல்லாம் சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே வாசகம்: எழுதத் தகுந்த டேப் எதுவும் கிடைக்கவில்லை.

டேப் அலமாரியின் கதவைத் திறந்தான். இருபத்துநாலு டேப்பும் அதனதன் பொந்தில் இருந்தன. இருபத்துநாலின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

அந்தத் திங்கட்கிழமை ஆயுத பூஜை. யார்டில் அது பெரிய விசேஷம். வண்டிகளுக்கு வாழை கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணி உடைத்து, பொரி அள்ளிக் கொடுப்பார்கள். மாதா கோயில் பிள்ளை, பள்ளிவாசல் பிள்ளை என்று அங்கே யாரும் ஒதுங்கி நிற்பதில்லை. அவனவன் கருவிக்கு அவனவன்தான் பொட்டு வைக்க வேண்டும். சாவியோவும் வருஷா வருஷம் வைப்பான். போன வருஷம் வரைக்கும் டேப் மெஷின் கையால் போடுகிற மெஷின். டேப்புக்கு எங்கே பொட்டு வைத்தால் என்ன, போடுகிறவன் கையும் கண்ணும் அவனுடையது. இந்த வருஷம்தான் இயந்திரக் கை வைத்த அலமாரி வந்தது. அந்தக் கை ஒவ்வொரு டேப்பின் முன்பக்கத்தில் ஒட்டிய பார்கோடு லேபிளைப் படித்துத்தான் எடுக்கும். லேபிள் தெரியாவிட்டால் அதற்கு அது டேப்பே இல்லை.

பொட்டு வைக்கப் போனவன் டேப்புக்கு நெற்றி எது என்று பார்த்தான். லேபிள்தான் நெற்றி மாதிரி இருந்தது.

ஒன்பது நாளும் இரவு பதினோரு மணிக்கு அந்தக் கை எழுந்து, இருபத்துநாலு பொந்தையும் வரிசையாகப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் படுத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பொறுப்பாக ஒரு மெயிலும் அனுப்பியிருக்கிறது, சாவியோவுக்கு. முதல் மெயிலை டிஸ்க் வேலை முடியட்டும் என்று அவன் தள்ளிவைத்தான்; மற்றவை வந்தபோது காசிமேட்டுக் கல்லறைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையின் மொத்த பேக்கப் மட்டும் நன்றாக இருந்தது. அதில் அப்பாவுக்கு இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கி.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒவ்வொரு லேபிளாகத் துடைத்தான். காய்ந்த சந்தனம் சுலபத்தில் போகாது. இருபத்துநாலையும் துடைக்க ஒரு மணி நேரம் ஆனது. கதவை மூடினான். கை ஒரு சுற்றுச் சுற்றி எல்லா டேப்பையும் அடையாளம் கண்டுகொண்டது. திரையில் முதல் பச்சை வந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். விரல் நுனி குளிரில் வெளுத்திருந்தது.

சாயங்காலம் ராயபுரம் வீட்டில் அம்மா கதவருகே வந்து கேட்டாள். "லோகு வந்தாரு. டேப்பு கீதாமே?"

"கீதும்மா."

டேப் இருக்கத்தான் செய்தது. எழுதின எழுத்துதான் இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை என்பதுகூடச் சரியில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு மேனேஜர் செங்குட்டுவன் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அப்பாவுக்குச் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை. பழைய தகடும் கம்பியும் பேரம் படிவதைப் பார்த்தே வளர்ந்தவர். எதிராளி முதலில் என்ன கேட்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் அவர் ஒரு டீகூட ஆர்டர் பண்ண மாட்டார்.

"உக்காருப்பா. வீட்ல அம்மா எப்டி இருக்காங்க?"

"இருக்காங்க சார்."

"லோகநாதன் ஏதோ டேப்பு, டேப்புன்னு பாடிக்கினு திரியறாரு."

சாவியோ நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"செவ்வாய்க்கிழமை டேப் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு சார்."

"அதுல என்ன இருக்கு?"

"பாக்கணும்னா ரீஸ்டோர் ஃபார்ம் போடணும் சார். நீங்க கையெழுத்துப் போடணும். போட்டதும் ஹெட் ஆபீஸ் ஆடிட்டுக்குத் தானா மெயில் போயிடும். யாரு கேட்டது, எந்த நாளு, எதுக்குன்னு."

அது இரண்டு வருஷத்துக்கு முன்னால் செங்குட்டுவனே கொண்டுவந்த விதி. சாவியோ அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வான், இத்தனை நாள் கேட்டவர்களுக்கெல்லாம் அதே குரலில்தான் சொல்லியிருக்கிறான். செங்குட்டுவன் அந்தக் குரலைக் கேட்டார், அந்த முகத்தைப் பார்த்தார். கண்ணில் ஒன்றும் இல்லை. சாத்தாங்காட்டில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறார். இந்த மாதிரி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

வரைவை எடுத்து மேஜையில் போட்டார். பேனாவால் 'அனுமதியின்றி' என்பதை அடித்து 'தவறுதலாக' என்று எழுதி, அவன் பக்கம் தள்ளினார்.

சாவியோ படித்தான். "எங்கப்பாவுக்கு இந்த யார்டுல வழி தவறாது சார்."

செங்குட்டுவன் அதையும் அடித்தார். 'பணி முடிந்த பின்னர் உள்ளே இருந்தபோது' என்று எழுதினார். "இதுல யாரையும் குத்தம் சொல்லலையே?"

"பணி முடியல சார்."

"கேன்டீன் பக்கத்துல அவரு போட்டோ மாட்டலாம்னு நானே யோசிச்சேன். பெருசா."

"சரி சார்."

அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று செங்குட்டுவனுக்குப் புரியவில்லை. 'உள்ளே இருந்ததற்கான காரணம் தெரியவில்லை' என்று எழுதிப் பார்த்தார். சாவியோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"பன்னண்டு மணிக்கு ஒரு ஜாப் ஓட்டணும் சார். போவட்டுமா?"

உண்மையிலேயே ஒரு ஜாப் இருந்தது. ஒன்பது நாள் விட்டுப்போனதற்கெல்லாம் சேர்த்து மொத்த பேக்கப் ஒன்று எடுக்கவேண்டும். செங்குட்டுவனுக்கு அது, வாங்க வந்தவன் கடையைவிட்டு இறங்கிப் போவது மாதிரி இருந்தது. அவர் வளர்ந்த தெருவில் அப்படி இறங்கினவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டே ஆகவேண்டும்.

"இருப்பா, இரு. நீயே சொல்லு. எப்டி வேணும்?"

"ஷிப்டு ஆறு மணி வரைக்கும் நீட்டிச்சு சார். நாலு இருபதுக்கு செத்துட்டாரு. அவ்ளோதான்."

செங்குட்டுவன் புதுத் தாள் எடுத்தார். 'நீட்டிக்கப்பட்ட பணி நேரத்தில், பணியில் இருந்தபோது' என்று எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடியபோதுதான் டீக்கு மணி அடித்தார், இரண்டு.

"ஒண்ணு. அந்த டேப் எனக்கு வேணும்."

"டேப்ப வெளிய குடுக்கக் கூடாது சார். அழிக்கணும்னா அழிக்கலாம். அதுக்கு ஃபார்ம் இருக்கு. பழுதான டேப்புன்னு எழுதணும்."

"என் கண்ணு முன்னால."

"சரி சார்."

கதவுக்கு வெளியே லோகநாதன் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ. கையெழுத்தான அறிக்கை முதலில் தன் கைக்கு வந்தால்தான் மற்றது என்று அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. கார்குழலியைக் கூப்பிட்டுப் பதிவைத் திருத்தச் சொன்னார்கள். அவள் இரண்டு நாலை எடுத்தாள். ஷிப்ட் முடியும் நேரம் ஆறு என்று போட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"வெளிய போன நேரம்னு ஒரு கட்டம் கீது. காலியா வுட்டா சிஸ்டம் ஒத்துக்க மாட்டேங்குது, சாவியோ. இன்னிக்கி வரைக்கும் உள்ளதான் கீறார்னு காட்டுது. இன்னா போடட்டும்?"

"நாலு இருபது போடுங்க அக்கா."

போட்டாள். பத்து நிமிஷத்தில் மீஞ்சூரிலும் நாலு இருபது ஆனது.

ஒர்க் ஷாப் கொட்டகையில் துளை போடும் மெஷின் இருந்தது. சாவியோ செவ்வாய்க்கிழமைக்கான டேப்பைக் கொண்டுவந்தான்.

"இதுதானா?" என்றார் செங்குட்டுவன்.

"செவ்வாய்க்கிழமை டேப் சார்."

மூன்று இடத்தில் துளை போட்டான். செங்குட்டுவனுக்கு அது போதவில்லை. டேப்பின் மேல்கூட்டைப் பிரித்து உள்ளே இருந்த நாடாவை உருவச் சொன்னார். நாடா வந்துகொண்டே இருந்தது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம், அரை அங்குல அகலம். அதில் அந்தச் செவ்வாய்க்கிழமையே இல்லை என்று சாவியோவுக்கு மட்டும்தான் தெரியும். அவன் அதைத் தரையில் சிக்கல் விழாமல் குவித்து, கத்திரியால் கைப்பிடி கைப்பிடியாக வெட்டினான். அவசரப்படவில்லை. லோகநாதன் ஒரு கட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணனுடைய கடைசி நாளை வெட்டுகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். செங்குட்டுவன் கடைசித் துண்டு வரை நின்று பார்த்துவிட்டு, ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். இந்தப் பேரத்தில் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தார்கள் என்ற நிம்மதி அவர் நடையில் தெரிந்தது. சாவியோ ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை.

"கெலிச்சிட்டடா நைனா" என்று லோகநாதன் அவன் கையைப் பிடித்தார். "இன்னா மூஞ்சிடா அது! அசையவே இல்லியே. அந்தாளு அடங்கிப் பூட்டான்."

"ஜாப் ஓட்டணும் மாமா" என்று சாவியோ சர்வர் அறைக்குப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அறிக்கையின் நகலைக் கொடுத்தான். அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அவனைப் படிக்கச் சொன்னாள். நான்காவது பத்தியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

"அப்ப அவர உள்ள இருக்கச் சொன்னது அவங்கதான்."

"ஆமாம்மா."

"எழுதிக் குட்த்துட்டானுங்க."

"குடுத்துட்டாங்க."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அந்த டேப்ப பத்ரமா வெச்சுக்கோ. நாளைக்கி வேற மாரி பேசுவானுங்க" என்றாள்.

"டேப்பு இல்லம்மா. வெட்டியாச்சு. வெட்டலன்னாலும் அதுல ஒண்ணும் இல்ல. பூசை அன்னிக்கி நான் சந்தனம் வெச்சேன்ல, அதுலருந்து அது எழுதவே இல்ல. அப்பாவோட நாளு அதுல கெடையாது."

இருதயம்மாள் அவனையே பார்த்தாள்.

"அவனுங்களுக்குத் தெர்யுமா?"

"தெரியாது."

"லோகுக்கு?"

"தெரியாதும்மா."

அவள் எழுந்து அறிக்கையை வாங்கினாள். அந்த வரி இருக்கும் இடத்தை விரலால் தடவினாள்; சரியான இடம்தானா என்று அவனிடம் காட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு தாளை நாலாக மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"கடை மூட்றதுக்குள்ள போய் இத்த மூணு ஜெராக்ஸ் எடு. ஒண்ணு லோகு வூட்ல குடு. ஒண்ணு கோயில்ல சாமியார் கைல குடு. ஒண்ணு என் தங்கச்சி வூட்ல, வியாசர்பாடில." வாசல் வரை வந்து செருப்பை அவன் காலுக்கு நேராகத் தள்ளினாள். "உன் கம்ப்யூட்டர் ரூமுல மட்டும் வெக்காத."